தொட்டுக்கொடுத்த சாவி

கஸ்தூரி என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவுக்கு நடுவில்தான். பாகூர் பஸ் ஸ்டாப்பில் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்த செல்வகுமாரி என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். கண்ணையன் பெண்சாதி அவள்.

"அத்தே, சேதி தெரியுமா? எங்க நடு மச்சினன் சேதராப்பட்டு கம்பெனிக்காரி ஒருத்தியத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பேரு கஸ்தூரியாம். பேரப் பாரு, மூஞ்சில பூசற மஞ்சப் பொட்டலம் மாதிரி."

கண்ணையன், மணவாளன், விஜயராஜ் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அவர்கள் அப்பன் என் பெரியப்பா மகன். அந்த முறையில் நான் மூவருக்கும் அத்தை. மூத்தவன் கண்ணையன் ஊரோடு இருந்து பயிர் வைத்தான். கடைசித் தம்பி விஜயராஜ் பிரான்ஸ் குடியுரிமைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். நடுவன் மணவாளன்தான் கஸ்தூரியைக் கட்டினான்.

திருக்கனூர்ப் பக்கத்துப் பெண். அப்பன் இல்லை, பாக்யராஜ் என்று ஒரே ஒரு அண்ணன். ஏதோ டிப்ளமோ படித்துவிட்டுச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். மெஷினில் நிற்கிற வேலை இல்லை. அங்கே இருக்கிற மெஷின்களை வெளியூர் இன்ஜினியர்கள் தங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டே கம்ப்யூட்டரில் பார்ப்பார்களாம், திருத்துவார்களாம். அப்படி வருகிறவர்களில் யாரை உள்ளே விடுவது, யாருக்குக் கதவை மூடுவது என்று பார்ப்பது இவள் வேலை. கல்யாணமாகி அர்ச்சனா பிறந்ததும் அந்த வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். அதற்கும் செல்வகுமாரி ஒரு பேச்சு வைத்திருந்தாள். "அங்க கேட்டுல வாட்ச்மேன் வேல பாத்தவளாம்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

மூன்று பங்கு நிலமும் ஏரிப் பாசனத்துக்கு எட்டாத மேட்டில் அடுத்தடுத்து ஒட்டி ஒரே தாக்காக இருந்தது. மணவாளன் பங்கு நடுவில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே போர், ஒரே மோட்டார், கரண்ட் சர்வீஸ் கண்ணையன் பேரில். தண்ணீர் முறை வைத்துப் பாயும். விஜயராஜ் பங்கையும் கண்ணையனே உழுததால் அவனுக்கு இரண்டு முறை, மணவாளனுக்கு ஒரு முறை.

அந்த மோட்டாருக்கு முன்பே சிம் கார்டு போட்ட பெட்டி ஒன்று இருந்தது. அந்த நம்பருக்கு ஒரு போன் அடித்தால் மோட்டார் ஓடும், இன்னொரு போன் அடித்தால் நிற்கும். நம்பர் தெரிந்தவன் எவனும் அடிக்கலாம், அதுதான் கேடு. எவனோ விளையாட்டுக்கு அடித்தானோ, வேண்டுமென்றே அடித்தானோ, ஒரு கோடையில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடி உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போனது. கண்ணையன் தம்பியைச் சந்தேகப்பட்டான், தம்பி அண்ணனைச் சந்தேகப்பட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு இன்னா பிரயோஜனம்? கதவத் தெறந்து போட்டுட்டு நாய் பூந்துச்சின்னா நாயத் திட்டறதா?" என்று கஸ்தூரிதான் இடையில் வந்தாள். "பெரிய மாமா, எனக்கு உடுங்க. நான் பண்ணித் தர்றேன்."

அவள் செய்தது எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மோட்டார்க் கொட்டகையில் இருக்கிற நெட்டு ஒரு கம்பெனி சிம். கண்ணையன் வீட்டில் கேபிள்காரன் கொடுத்த நெட்டு. விஜயராஜ் இருப்பது பிரான்சில் வேறு நெட்டு. சிம் நெட்டில் இருக்கிற பெட்டிக்கு வெளியாள் தேடி வரும்படியான விலாசம் கிடையாதாம். வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்துவைத்தால் திருடனும் அதே வழியில் வருவான். அதனால் அவள் வழியே வைக்கவில்லை. கொட்டகைப் பெட்டி, வீட்டுப் பெட்டி, போன் எல்லாம் தாமாக வெளியே போய் ஓரிடத்தில் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு கைகோர்த்துக்கொள்ளும். அவை தங்களுக்குள் பேசுவது நடுவில் இருக்கிறவனுக்குக் கேட்காது. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி. கையில் பிடிக்கிற சாவி இல்லை, போனுக்குள்ளேயே இருப்பது. எந்தப் போனைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று சொல்கிற அதிகாரம் மட்டும் ஒரே ஒரு போனுக்கு. அதை ஓனர் என்றார்கள்.

"பொட்டிய அப்பிடியே பேத்து எடுத்துக்கினு போனாக்கூட திருடனுக்கு உதவாது மாமா. அழிச்சிட்டுப் புதுசாப் போடலாம்னாலும் ஓனரு சரின்னு சொன்னாத்தான் அது கண்ணு முழிக்கும்" என்று அவள் பெருமையாகச் சொன்னபோது கண்ணையன் மீசையைத் தடவிக்கொண்டான்.

விஜயராஜ் அங்கிருந்து கேமரா அனுப்பினான். கொட்டகையில் ஒயர் திருடு போகாமலிருக்க ஒன்று, கண்ணையன் வீட்டு வாசலுக்கு ஒன்று, மணவாளன் வீட்டுக் கூடத்துக்கு ஒன்று. மூன்றையும் அதே கைகோர்ப்பில் அவளே சேர்த்தாள். கூடத்தில் எதற்கு என்று மணவாளன் கேட்டதற்கு, "நான் இங்க சொந்தபந்தம் இல்லாம கீறேன்டா அண்ணா, அர்ச்சனா புள்ளய தெனம் பாக்கணும்" என்று விஜயராஜ் அழாத குறையாகச் சொன்னான். ஓனராக மணவாளன் போனை வைத்தாள். "பொட்டச்சி போன்ல வெக்காத, ஊருல சிரிப்பாங்க" என்றது மணவாளன்தான். அவன் நல்லவன், ஆனால் எங்கள் வகையறா ஆண்பிள்ளைதானே.

தை பிறந்ததும் அவன் செத்தான். மதகடிப்பட்டு ஜங்ஷனில் கரும்பு லாரிக்குப் பின்னால் வண்டியில் போனவன், லாரி நின்றது, இவன் நிற்கவில்லை.

பெண்பிள்ளை கொள்ளி வைக்க எங்களில் வழக்கம் இல்லை. கண்ணையன் மகன் கலைவேந்தன்தான் சித்தப்பனுக்குக் கொள்ளி வைத்தான். மதகடிப்பட்டில் கேபிள் நெட் இணைப்புக் கொடுக்கிற கடையில் வேலை அவனுக்கு. கருமாதியன்று ஏரிக்கரையில் தாய்மாமன் அவனுக்கு உருமாத் தலைப்பாகை கட்டினான்.

உருமா கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் கையில், செத்தவன் ஆண்டதை எல்லாம் தொட்டுக் கொடுப்பது எங்கள் வகையறா வழக்கம். வீட்டுச் சாவி, மாட்டுக் கயிறு, மண்வெட்டி, எது இருந்ததோ அது. கொள்ளி வைத்தவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஒரு மரியாதைக்குச் செய்வது. என் அப்பன் செத்தபோதும் அப்படித்தான் நடந்தது.

கஸ்தூரி சாவியைக் கொடுத்தாள். கயிற்றைக் கொடுத்தாள். மணவாளன் போனையும் தாம்பாளத்தில் வைத்தாள். கலைவேந்தன் போனை எடுக்கவில்லை.

"இந்த டப்பா போன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது சித்தி? மோட்டாரு ஓனர என் போனுக்கு மாத்து. சித்தப்பா ஆண்டதுல அதான பெருசு?"

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு கண்ணையன் பக்கம் திரும்பினாள். "பெரிய மாமா, இது தொட்டுக் குடுக்கற சாமான் இல்ல. குடுத்தா குடுத்ததுதான். அவனா திருப்பி அனுப்பினாத்தான் வரும்."

"பந்தியில எல போட்டாச்சி, சம்பந்திங்க காத்துக்கினு இருக்காங்க. எங்க ஊட்டு வழக்கத்துல உன் கம்பெனி சட்டத்தப் பேசாத" என்றான் கண்ணையன். "உருமா கட்டனவன் திருப்பிக் குடுக்காம போவானா? அவன் மேல அவ்ளோ நம்பிக்கையா உனுக்கு?"

கூட்டம் அவளையே பார்த்தது. "புருசன் போயி ஈரம் காயல, போன இறுக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறா பாரு" என்று செல்வகுமாரி எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். கஸ்தூரி தாம்பாளத்திலிருந்து போனை எடுத்து விரலால் என்னென்னவோ தொட்டாள். கலைவேந்தன் போன் ஒரு தரம் கூவியது. அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதே நாள் பந்தி முடிந்து நிலப் பேச்சு வந்தது. நடுப் பங்கைக் கலைவேந்தன் உழுது, வருசத்துக்கு இத்தனை மூட்டை என்று அவளுக்கு அளந்து விடட்டும் என்றான் கண்ணையன். நானே உழுகிறேன் என்றாள் கஸ்தூரி. பெரியவர்கள் சிரித்தார்கள்.

"சரி" என்றான் கண்ணையன். "வர்ற சித்திரைச் சொர்ணவாரிப் போகத்த ஒண்டியா எடுத்துக் காட்டு. நெல்லு ஊட்டுக்கு வந்துச்சின்னா நெலம் உன் கையில. வரலன்னா என் புள்ள ஏர் பூட்டுவான், நீ வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

"ஒத்துக்கறேன்" என்றாள். கூட்டமே சாட்சி.

விளக்கு வைக்கும் நேரம் கலைவேந்தன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். மாட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தான். ஓனரை?

"அத்த எப்பிடித் திருப்பி அனுப்பறது சித்தி? எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாளைக்குக் கடைல கேட்டுக்கினு வர்றேன்" என்றான். நெட் கடையில் வேலை பார்க்கிறவன் சொன்ன பதில் இது. அந்த நாளை வரவே இல்லை.

ஆனாலும் முதலில் அவள் போனை அவன் நீக்கவில்லை. அவள் நாற்றங்கால் விட்டாள், அண்ணன் பாக்யராஜ் வந்து வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிக் கொடுத்தான், நடவு ஆயிற்று. அவள் முறைக்கு மோட்டார் ஓடியது. அந்தச் சித்திரை வெயிலில் ஊரிலேயே முதலில் பச்சை கட்டியது அவள் பயிர்தான். போகிற வருகிறவர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணையனும் ஒருநாள் நின்று பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

பாக்யராஜ் களையெடுப்புக்கு ஆள் பேசிவிட்டு வந்து கூடத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் அர்ச்சனாவுக்கு முறுக்குக் கொண்டுபோய் அங்கேதான் இருந்தேன். சுவரிலிருந்த கேமராவிலிருந்து குரல் வந்தது. பிரான்சிலிருந்து விஜயராஜ்.

"அண்ணி, யாரு அது? எத்தினி நேரமா எங்க அண்ணன் ஊட்ல குந்திக்கினு இருக்கான்?"

"எங்க அண்ணன்தான் தம்பி. தெரியலியா?"

"மூஞ்சி தெரியல, முதுவுதான் தெரியுது. நல்லா அகலமாக் கீது. அண்ணந்தானா, நம்பலாமா?" என்று சிரித்தது சுவர். "வாரத்துக்கு வாரம் வர்றான்னு கலை சொன்னான். நான் கணக்கு வெச்சிக்கினுதான் இருக்கேன் அண்ணி."

பாக்யராஜ் கையை உதறிவிட்டு எழுந்தான். சோறு பாதியில் கிடந்தது. அதற்கு அப்புறம் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. கஸ்தூரி கேமராமேல் ஒரு துணியைப் போட்டாள். உடனே போன் அடித்தது, கண்ணையன். "துணிய எடு. மறைக்கறதுக்கு அப்பிடி இன்னா நடக்குது உள்ள?" எடுத்தாள். அன்று முதல் கூடத்தில் புடவை மாற்றுவதில்லை, படுப்பதில்லை. தாயும் பிள்ளையும் சமையல் உள்ளில் முடங்கிக்கொண்டார்கள்.

பயிர் தொண்டைக் கதிராக இருந்தபோது அவள் போன் நீக்கப்பட்டது. தண்ணீர் ஒரு முறை தவறினாலும் கதிர் வெளியே வராமல் போகிற பருவம். அவள் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நீ யார் என்று கேட்டது அது. கண்ணையன் வீட்டுக்கு ஓடினாள்.

"கலை, என் போன எடுத்துட்டியா?"

"எடுத்தனா? தானா போயிருக்கும் சித்தி. செக்யூரிட்டி அப்பிடித்தான. நீதான சொல்லுவ, சந்தேகம்னா கதவ மூடிடும்னு."

"சேத்து உடுப்பா. கதிரு தொண்டைல கீது."

"சேக்கலாம். என்னா அவசரம்? பொட்டிய அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக்கோயேன். ஓ, அதுக்கும் ஓனரு சரி சொல்லணுமா? யாரு சித்தி இவ்ளோ கெட்டியாப் பண்ணி வெச்சது?"

உள்ளே செல்வகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள்.

கொட்டகைக்குப் போய்க் கையாலேயே பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் ஓடியது, தண்ணீர் கொட்டியது, வாய்க்காலில் பாதி தூரம் போவதற்குள் நின்றது. திரும்ப ஓடிவந்து அமுக்கினாள். ஓடியது. வாய்க்கால் மடையைத் திறக்கப் போவாள், நின்றுவிடும். கலைவேந்தன் மதகடிப்பட்டில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போனில் நிறுத்தினான். கொட்டகைக் கேமராவில் அவள் ஓடுவதைக் கூட்டாளிகளுக்குக் காட்டினானாம். "தோ அமுக்குது பாரு, தோ ஓடுது பாரு, இப்ப நிறுத்தறேன் பாரு" என்று. பக்கத்து வயல் ராமு அன்றைக்கு அந்த டீக்கடையில் இருந்தவன், அவனே வந்து என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

உச்சி வெயிலில் அவள் பொத்தான்மேல் கையை வைத்தபடியே நின்று பார்த்தாள். அப்போதும் நின்றது. கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். அதிலிருந்து கலைவேந்தன் குரல் வந்தது. "சித்தி, இன்னும் கொஞ்சம் இந்தாண்ட நகந்து கும்புடு. மொகம் மறைக்குது."

ராமுவுக்கு மனசு கேட்கவில்லை போல. தன் போரிலிருந்து இரண்டு இறைப்புத் தண்ணீர் தருகிறேன் என்றான். நடுவில் இருப்பது கண்ணையன் வரப்பு. வாய்க்கால் வெட்டக் கண்ணையன் விடவில்லை. ஓஸ் பைப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் பைப் முழம் முழமாக வெட்டிக் கிடந்தது. யார் வெட்டியது என்று கேட்டதற்கு, "நண்டு கடிச்சிருக்கும்" என்றான் கண்ணையன். ராமுவும் அதற்கப்புறம் ஒதுங்கிக்கொண்டான்.

அவளுக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. பெட்டியை ஒதுக்கிவிட்டு ஒயரை நேரே மோட்டாருக்குக் கொடுத்தால் எந்தப் போனாலும் நிறுத்த முடியாது. ஒரு காலையில், கண்ணையன் கொட்டகைக்குப் புதிதாகப் போட்டிருந்த பூட்டை உடைத்து உள்ளே போய் அதைச் செய்தாள். தண்ணீர் பாய்ந்தது. வெடித்திருந்த மண் மூடிக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நடவுக்காரிகள் சொன்னார்கள்.

பூட்டை உடைத்தது, பெட்டி ஒயரைப் பிடுங்கியது, எல்லாம் கேமராவில் இருந்தது. ஒயர் திருடனைப் பிடிக்க அவளே உயரம் பார்த்து, கோணம் பார்த்து மாட்டிய கேமரா. முகம் தெளிவாக விழுந்திருந்தது. தண்ணீர் அவள் வயலின் கடைக்கோடியைத் தொடுவதற்குள் கலைவேந்தன் வந்து ஃபியூஸைப் பிடுங்கினான். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கள் பங்காளிகள் குழுவில் எல்லார் போனுக்கும் வந்தது. என் பேத்தி போனில் நானும் பார்த்தேன். கீழே விஜயராஜ் எழுதியிருந்தானாம்: எங்க அண்ணன் கட்டிக்கினு வந்த கம்பெனிக்காரி.

பங்காளிகள் மாரியம்மன் கோயிலெதிரே கூடினார்கள். சர்வீஸ் கண்ணையன் பேரில், பூட்டு கண்ணையனுடையது, மோட்டார் மூன்று பேருக்குப் பொது.

"பூட்ட ஒடச்சது நெஜமா பொய்யா?" என்று கேட்டார் பெரிய பங்காளி ஒருத்தர்.

"நெஜந்தான். ஏன் ஒடச்சேன்னு கேளுங்க."

"ஏன்னு கேக்க நாங்க கூடல. ஒடச்சியா இல்லியா?"

"அந்த மோட்டாருக்குப் பாதுகாப்புப் பண்ணிக் குடுத்ததே நான்."

"அதத்தான் நாங்களும் சொல்றோம். பண்ணவளுக்குத்தான் ஒடைக்கத் தெரியும்" என்றான் கண்ணையன். கூட்டம் சிரித்தது.

"தொட்டுக் குடுத்தத அவன் திருப்பிக் குடுக்கல. அத யாருனா கேளுங்க. உங்க வழக்கந்தான அது?" என்றாள் அவள், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. என் முகத்தையும் பார்த்தாள்.

"சாவி குடுத்தான், கயிறு குடுத்தான். கண்ணுக்குத் தெரியற சாமானத்தக் கேளு, வாங்கித் தர்றோம். போனுக்குள்ள இருக்கறத நாங்க எங்க போயி பாக்கறது?" என்றார் பெரிய பங்காளி.

தீர்ப்பு என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகாமல் விடுகிறோம், அதுவே பெரிது என்றார்கள். போகம் வரட்டும், பேசினபடி நடக்கட்டும் என்றார்கள்.

போகம் வந்தது. வெளியே வந்த மட்டும் கதிர்கள் வெள்ளையாக நின்றன. காற்றடித்தால் சலசலவென்று சத்தம், உள்ளே அரிசி இல்லை. கை அறுப்புக்கு ஆள் வைக்கக்கூட அது தாங்காது. அவளே அறுத்துக் கட்டி மாட்டுக்குப் போட்டாள். மூன்றாம் நாள் கலைவேந்தன் டிராக்டரை நடுப் பங்கில் இறக்கினான். மூன்று துண்டுக்கும் நடுவில் இருந்த வரப்புகளை எடுத்துவிட்டு ஒரே தாக்காக ஓட்டினான். வாசலில் நின்று அவள் அதைப் பார்த்தாள். பேச்சுப்படி வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறமும் சில மாதம் இருந்தாள். சுவரிலிருந்து குரல் வருவது நிற்கவில்லை. அர்ச்சனா பெரியவளானபோது பிள்ளையைக் கூடத்து மூலையில்தான் உட்காரவைக்க வேண்டும் என்றாள் செல்வகுமாரி. சமையல் உள்ளில் தீட்டுப் பிள்ளையை வைக்கக்கூடாது என்பது வழக்கம். அந்த மூலைக்கு நேர் எதிரே கேமரா. கஸ்தூரி அன்றைக்குத்தான் பிள்ளைக்கு மாற்றுத் துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தீட்டோடு பஸ்சில் போனாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது. அவள் கட்டிக்கொடுத்ததில் இதுவரை ஒரு வெளியாளும் நுழைந்ததில்லை. கண்ணையன் வரப்பில் உட்கார்ந்து போனைத் தொட்டால் தண்ணீர் வருகிறது. விஜயராஜ் அங்கிருந்தே பயிரைப் பார்க்கிறான்.

கஸ்தூரி வில்லியனூரில் ஒரு தனியார் ஹாஸ்டலில் சமையலுக்கு இருக்கிறாள். பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ள அங்கேதான் ஒத்துக்கொண்டார்கள். அர்ச்சனா எட்டாவது படிக்கிறாள்.